சௌம்யா தொட்ட பெட்டி

“கை வெச்சதும் கத்தினாளா?”

“இல்ல மேடம். சத்தமே வரல. அதான் எனக்கு லேட்டா தெரிஞ்சிச்சி.”

“நீ எங்க இருந்தே?”

“பக்கத்து ரூம்ல. எட்டிப் பாத்தா மாப்பு கீழ கெடக்குது, தரையெல்லாம் ஈரம். அவ கை பெட்டி மேலயே கீது. கண்ணு தொறந்துதான் கீது மேடம்.”

“அப்புறம்?”

“ஓடிப்போய் மெயின் சுவிச்ச அமுத்தினேன். அப்பதான் விழுந்தா.”

சொன்னவன் தமிழரசு. பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு மாணவன். முத்தாபுதுப்பேட்டையில், தன் வீட்டுக் கூடத்தில், சப் இன்ஸ்பெக்டர் தாட்சாயிணியின் எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் தங்கை சௌம்யா அரசு மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தாள். அப்பா ஜானகிராமன் அங்கே வாசலில் நின்றிருந்தார். தமிழரசுக்கும் தாட்சாயிணிக்கும் நடுவே, ஒரு செய்தித்தாளின் மேல், கறுப்பு நிறக் கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் ஆகியும் அதன் அருகில் காலை நீட்ட யாருக்கும் துணிவு வரவில்லை. தூங்கும் மிருகத்தைப் போல அது இருந்தது.

அது அவன் தன் கையால் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய முதல் கம்ப்யூட்டர். கேம் விளையாடுவதற்காக.

“பார்ட்ஸ் எல்லாம் யாரு பாத்து வாங்கினது?”

“நான்தான் மேடம். ஆறு மாசம் படிச்சிப் பாத்தேன். கிராஃபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்ட். ப்ராசசர் பழைய மாடல். எங்க கொறைக்கலாம், எங்க கொறைக்கக் கூடாதுன்னு யோசிச்சேன். எஸ்எம்பிஎஸ்ல மட்டும் கொறைக்கல.”

எஸ்எம்பிஎஸ் என்பது, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மற்ற பாகங்களுக்குப் பிரித்துத் தரும் இரும்புப் பெட்டி. காலையில் மின் ஆய்வாளர் அதைத்தான் கழற்றித் திறந்து பார்த்திருந்தார். உள்ளே எர்த் வயர் எதிலும் சேராமல் அந்தரத்தில் தொங்கியது. கரண்ட் வரும் வயரின் தோல் உரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எடை காட்டுவதற்காக ஓர் இரும்புத் துண்டை வேறு ஒட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டரின் உடம்பு முழுக்க மின்சாரம் ஓடியிருக்கிறது. விளக்குகள் அழகாக எரிந்திருக்கின்றன.

“நல்ல கம்பெனின்னு நான்தான் தேடித் தேடி எடுத்தேன்,” என்றான் தமிழரசு. “அவ செத்துட்டா நான்தானே மேடம் கொன்னேன்?”

தாட்சாயிணி எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் கம்பெனி லேபிள். லேபிளின் வலது விளிம்பில் காய்ந்த சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். அரை நிலா போல இருந்தது.

“இது யாரு வெச்சது?”

“நான்தாம்மா,” என்றாள் சமையலறை வாசலில் நின்ற ராதிகா, அவனுடைய அம்மா. “ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் சாமி முன்னாடி பரப்பி வெச்சிருந்தான். அந்த பச்சை பலகைல, மதர்போர்டாம், கைய வெச்சா ஈரம் பட்டு கெட்டுடும்னு கத்தினான். சரி, இந்த இரும்புப் பெட்டிக்காவது வெக்கிறேன்டான்னேன். நம்பர் மறையக் கூடாது, ஓரமா வையின்னான். கட்டைவிரலால ஒரே அழுத்து. மறுநாள்தான் எல்லாத்தையும் பூட்டினான்.”

தாட்சாயிணி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஃபிரிட்ஜ், மிக்ஸி, தையல் மெஷின், வாசலில் நின்ற பைக். எல்லாவற்றிலும் ராதிகாவின் கட்டைவிரல் அளவுக்குச் சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றும் முழு வட்டம்.

“பூட்டின பிறகு இந்தப் பெட்டி வீட்டை விட்டு வெளிய போச்சா?”

“ஒரு தபாதான் மேடம். ஃபிரெண்டு நிர்மல் கேம்லாம் ஏத்தித் தரேன்னு எட்த்துகினு போனான். ரெண்டு நாள் வெச்சிருந்து குடுத்தான்.”

“வந்த பிறகு நீ தொட்டியா?”

“தொட்டேன். ஆனா கட்டில் மேல சம்மணம் போட்டு ஒக்காந்து தொட்டேன்.” சொன்ன பிறகுதான் தன் வார்த்தை அவனுக்குப் புரிந்தது. கால்களை மெல்ல மேலே இழுத்துக்கொண்டான்.

பகல் பன்னிரண்டு மணி. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், எஸ்எம்பிஎஸ்ஸை விற்ற கிருபாகரனின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. செய்தி பரவிக் காலையிலிருந்து யார் யாரோ போனில் மிரட்டினார்களாம். 

“பில்லுல இருக்கிற சீரியல் நம்பரையும் லேபிள்ல இருக்கிறதையும் பாருங்கம்மா. ரெண்டும் ஒண்ணு. கம்பெனி சைட்டுல நீங்களே போட்டுப் பாருங்க.”

தாட்சாயிணி போட்டுப் பார்த்தாள். அசல் என்றது கம்பெனி.

“அப்போ உள்ள எப்படி டூப்ளிகேட் வந்துது?”

“எனக்குத் தெரியாதும்மா. பதினெட்டு வருஷமா கடை வெச்சிருக்கேன். இந்த மாதிரி பயந்ததே இல்ல.”

மாலை நான்கு மணிக்கு நிர்மல் முத்தாபுதுப்பேட்டைக்கு வந்தான். கூப்பிட்டதும் வந்துவிட்டான். வந்ததும் தமிழரசின் தோளைப் பிடித்தான்.

“இன்னா மச்சான் இப்டி ஆயிடிச்சி. பாப்பா எப்டி கீது?”

“கண்ணு தொறக்கல.”

நிர்மல் தரையைப் பார்த்தான். தாட்சாயிணி நாற்காலியைக் காட்டினாள்.

“இது மாறின பீஸா நிர்மல்?”

“சான்ஸே இல்ல மேடம். தோ பாருங்க, ஆன்ட்டி வெச்ச பொட்டு அப்டியே கீது. அதே பீஸுதான். கடைக்காரன் லேபிள் ஒட்டி ஏமாத்திட்டான்.”

“பொட்ட நீ முன்னாடியே பாத்திருக்கே.”

“கேம் ஏத்தும்போது பாத்தேன்.”

“கேம் ஏத்த எஸ்எம்பிஎஸ்ஸ கழட்டணுமா?”

அவன் உதட்டை நனைத்தான். “தூசி தட்டினேன் மேடம்.”

வாசலில் ஜீப் நின்றது. ஏட்டு கஜபதி ஒரு துணிப்பையோடு உள்ளே வந்தார். நிர்மல் அந்தப் பையைப் பார்த்தான், பிறகு கதவைப் பார்த்தான்.

“ஆவடியில இவங்க வீட்டுல, இவரு கம்ப்யூட்டர்லேர்ந்து கழட்டினதும்மா,” என்றார் கஜபதி. “அம்மா இருந்தாங்க. அவங்க முன்னாடிதான்.”

பையிலிருந்து இன்னொரு எஸ்எம்பிஎஸ் வந்தது. அதில் லேபிள் இல்லை. லேபிள் இருந்த இடத்தில் ஒரு செவ்வகம் மட்டும் பளபளத்தது. தாட்சாயிணி அதை ராதிகாவின் பக்கம் திருப்பினாள்.

“அம்மா, உங்க கட்டைவிரல் முழு வட்டமாத்தானே பதியும்? ஃபிரிட்ஜுல அப்படி, பைக்குல அப்படி. உங்க வீட்டுப் பெட்டியில மட்டும் ஏன் பாதி?”

செய்தித்தாள் பக்கம் திரும்பி, அங்கிருந்த எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிள் விளிம்பில் விரலை வைத்தாள்.

“நம்பர் மறையாம ஓரமா வெச்சீங்க. பாதி லேபிள் மேல, பாதி இரும்பு மேல. இந்தப் பெட்டியில பொட்டு லேபிள் விளிம்போட நிக்குது, கத்தி வெச்சு வெட்டின மாதிரி. இரும்புல ஒரு துளி சந்தனம் இல்ல. பொட்டு வெச்சதுக்கு அப்புறம்தான் லேபிள் இடம் மாறியிருக்கு. அப்போ கடையில நடக்கல.” நிர்மலைப் பார்த்தாள். “சூடு காட்டி லேபிள உரிச்சு உன் டூப்ளிகேட்டுல ஒட்டினே. பொட்டு உதிர்ந்தா ஆன்ட்டி கேப்பாங்கன்னு பத்திரமா உரிச்சே. மீதிப் பொட்டு உன் கண்ணுல படல. வருஷா வருஷம் எல்லா சாமான்லயும் பாத்துப் பாத்துப் பழகின கண்ணு.”

லேபிள் இல்லாத இரும்பில், செவ்வகத்தின் விளிம்பை ஒட்டி, மற்ற அரை நிலா காய்ந்திருந்தது.

தமிழரசு நண்பனைப் பார்த்தான். திட்டவில்லை. “ஏன்டா?” என்று மட்டும் கேட்டான்.

“ஆன்லைன்ல ஆஃபர்னு எட்த்தேன் மச்சான். ஏமாந்துட்டேன். கேம் நடுவுல ஆஃப் ஆயிகினே இருந்திச்சி. வித்தவன் போனே எடுக்கல. உன்து நல்லா இருந்திச்சி. நீ சும்மா கொஞ்ச நேரம்தான ஆடுவேன்னு... ஷாக் அடிக்கும்னு சத்தியமா தெரியாதுடா. நான் ஊட்ல எப்பவும் செருப்பு போட்டுகினுதான் ஒக்காருவேன்.”

 தாட்சாயிணி அவன் பக்கம் திரும்பினாள்.

“ஆஃபர்னா, எத்தனை எடுத்தே?”

நிர்மல் தமிழரசைப் பார்த்தான். 

“எத்தனைடா?”

“ரெண்டு.”

“இன்னொண்ணு எங்க?”

“மாங்காடு. இனாயான்னு ஒரு பொண்ணு. அதுக்கும் இதான் மொத கம்ப்யூட்டர். இன்னிக்கி காலைலதான் பூட்டிக் குடுத்தேன், அப்ப பாப்பா விஷயம் தெரியாது. காலேஜு வுட்டு வந்ததும் ஆன் பண்றேன்னு சொல்லிச்சி.” அவன் தன் போனில் அவள் எண்ணைத் தேடினான். “அவுங்க அம்மா, தம்பி எல்லாம் கீறாங்க மேடம்.”

சுவர்க் கடிகாரம் நாலே முக்காலைக் காட்டியது. தாட்சாயிணி அவனிடம் முகவரியைக் கேட்டு, மாங்காடு ஸ்டேஷனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்த ஸ்டேஷன் ஜீப் குமணன்சாவடி நெரிசலில் நின்றிருந்தது. நிர்மலின் போனில் இனாயாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடியும் அழுத்தினாள். மூன்றாவது முறை தமிழரசு போனுக்காகக் கையை நீட்டினான்.

எங்கோ ஒரு வீட்டில் யாரோ இப்போது வெறுங்காலோடு நடந்து கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது. ஈரத் தரை. எரியும் சின்ன விளக்குகள். அந்த அமைதி அவனுக்குத் தெரியும்.

மணி ஓய்ந்தது. அவன் வாய்ஸ் மெசேஜ் பொத்தானை அழுத்திப் பிடித்தான்.

“இனாயா, என் பேரு தமிழரசு. உனக்கு என்னத் தெரியாதும்மா. அந்தப் பெட்டிகிட்ட போவாத. ஆன் ஆயிருந்தா கை வெச்சி அணைக்காத, மெயின் சுவிச்ச அமுத்து. அம்மாவையும் தம்பியையும் இட்டுகினு வெளிய வந்துடு. வந்துட்டு இந்த நம்பருக்கு ஒரே ஒரு தபா கூப்புடும்மா.”