கழட்டவா மச்சான்?

பகல் ஒன்றரை மணிக்கு ருவான்வெல்லை பஸ்ஸிலிருந்து இறங்கி, றப்பர் மரங்களுக்கு நடுவே மேட்டுப் பாதையில் ஏறத் தொடங்கினான் கிருஷ்ணராஜ். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கம் வானம் கருக்கத் தொடங்கியிருந்தது. இந்தப் பக்கத்துச் சித்திரை மாதம் அப்படித்தான்; காலையில் காய்ந்து கொல்லும், மத்தியானம் இடித்துக் கொல்லும். முதல் உறுமல் கேட்டதுமே தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீட்டுக்கு வீடு பிளக்கைப் பிடுங்குவார்கள். டிவி, ஃபிரிட்ஜ், போன் சார்ஜர் எதையும் சுவரில் விட்டுவைக்க மாட்டார்கள். அழுகிற பிள்ளையைத் தூக்குவதற்கு முன் பிளக்கைத் தேடுகிற ஆட்களும் உண்டு.

போன வருஷம் சித்திரையில் பிரதீபன் மட்டும் பிடுங்கவில்லை.

பிரதீபனும் கிருஷ்ணராஜும் ஒரே வகுப்பு, ஒரே கூட்டு. அன்றைக்குப் பிரதீபன் லேப்டாப்பில் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். இடி கரண்ட் கம்பி வழியாக வீட்டுக்குள் வந்தது. காதில் ஹெட்செட்டோடு கதிரையிலேயே சரிந்துவிட்டான். விளையாட்டுப் புத்தியில் பிளக்கை மறந்துவிட்டான் என்று தோட்டமே சொன்னது. கிருஷ்ணராஜும் சொன்னான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

பிரதீபன் மறக்கவில்லை என்பது கிருஷ்ணராஜ் ஒருவனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு இவன் பஸாரில், தான் வேலை செய்கிற முக்தார் நானாவின் போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து அதே ஆட்டத்தை ஆன்லைனில் அவனோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தான். பிரதீபன் ஹெட்செட்டில் கேட்டான்: "மச்சான், இங்க இடிக்குதுடா. கழட்டவா?" சார்ஜரைக் கழற்றினால் லேப்டாப்பின் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு படுத்துவிடும். படம் இழுத்து இழுத்து ஓடும். ஆட்டம் தோற்றுவிடும். "கழட்டாதடா, இன்னும் ரெண்டே நிமிஷம்" என்றான் கிருஷ்ணராஜ்.

ரெண்டு நிமிஷம் ஆகவில்லை.

இத்தனை நாளும் அதை நெஞ்சுக்குள் போட்டு அமுக்கி வைத்திருந்தவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை பிரதீபனின் அக்கா துஷ்யந்தியிடமிருந்து போன் வந்தது. அந்த கேம், ஆடிய ஆட்டங்களையெல்லாம் பேச்சுச் சத்தத்தோடு தனக்குள்ளேயே சேமித்து வைக்குமென்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அவன் போயி வருஷம் வருது தம்பி. அவன் கடைசியா என்ன பேசுனான்னு ஒருக்கா கேக்கணும். கேமைத் தொறந்தா கிராஃபிக்ஸ் கார்டு இல்லன்னு சொல்லி மூடிக்கிருது. கேகாலையில ஒரு பையன் பாக்குறேங்குறான், குடுக்கவா?"

"வேணாங்க்கா, யாருகிட்டயும் குடுத்துறாதீங்க" என்று பதறிக்கொண்டு சொன்னான். "நானே வாறேன்."

வருவது சரிசெய்வதற்கு அல்ல, அழிப்பதற்கு. இதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வந்துவிட்டான்.

அவர்கள் இருப்பது லயத்திலிருந்து தள்ளி, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சருக்கென்று வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பழைய குவாட்டர்ஸில். தகரக் கூரை, கனத்த சுவர், பகலிலும் இருட்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பால் ஸ்டோரிலிருந்து வருகிற புளித்த றப்பர்பால் வாடை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. பிளாஸ்டிக் கருகிய வாடை. ஒரு வருஷமாகவா ஒரு வாடை போகாமல் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனான்.

பிரதீபனின் அம்மா புஷ்பம் அவனைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்து வருஷம் றப்பர்பால் வெட்டிய கை, மரப்பட்டையாகச் சொரசொரத்தது. "வந்துட்டியா சாமி. நீ வந்தா அவனே வந்த மாதிரி" என்றாள். கிருஷ்ணராஜுக்குக் கையை உருவிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

"எவ்வளவு நேரம் எடுக்கும் தம்பி?" என்று துஷ்யந்தி கேட்டாள்.

"ரெண்டு மணித்தியாலம் ஆகும்க்கா. நீங்க எங்கயும் போறதுன்னா போயிட்டு வாங்க."

"அப்ப நாங்க பஸாருக்குப் போயி வருஷத்துச் சாமான் வாங்கிட்டு வந்துர்றோம். மழைக்கு முந்தி வந்துருவோம்." வாசல்வரை போனவள் திரும்பினாள். "இடி கேட்டா மொதல்ல கழட்டிரு, என்ன?"

தலையாட்டினான்.

பிரதீபனின் அறையில் அதே மேசை, அதே கதிரை. சுவரில் பழைய பிளக் பொயிண்ட் இருந்த இடத்தில் புதியது போட்டிருந்தார்கள். அதைச் சுற்றிச் சுவர் கருகியிருந்ததைச் சுண்ணாம்பு முழுதாக மறைக்கவில்லை. மேசை மூலையில் பிரதீபனின் ஹெட்செட் கிடந்தது. அதன் வயர் எரிந்து பாதியில் அறுந்திருந்தது. இதையெல்லாமா எடுத்து வைப்பார்கள்!

அன்று சார்ஜர் கருகியும் எப்படியோ தப்பிய லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். அதில் படம் காட்ட இரண்டு கார்டுகள். ஒன்று கூடவே பிறந்த சின்னது. எழுத, படிக்க, படம் பார்க்க அது போதும். மற்றது கேமுக்கென்று தனியாக உள்ள பெரியது. பட்டியலில் பெரியதன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் அடையாளம் விழுந்திருந்தது. கார்டு சாகவில்லை, அதை இயக்குகிற டிரைவர் மட்டும்தான் கெட்டிருக்கிறது. அரை மணித்தியால வேலை.

இங்கேதான் சிக்கல். ஆட்டங்களின் பதிவு கேமுக்குள்ளே இருக்கிறது. கேமையே தூக்கிவிட்டால் துஷ்யந்திக்குத் தெரிந்துவிடும். அழிக்க வேண்டுமென்றால் கேமைத் திறக்க வேண்டும். கேமைத் திறக்கப் பெரிய கார்டு வேலை செய்ய வேண்டும். ஆக, அழிப்பதற்கு முதலில் சரிசெய்தே ஆக வேண்டும்.

பழைய டிரைவரை முழுதாகக் கழற்றினான். பென் டிரைவில் கொண்டுவந்த புதியதை ஏற்றினான். ஒருமுறை நிறுத்தி மீண்டும் உயிர்ப்பித்தான். மஞ்சள் அடையாளம் போயிருந்தது. கேம் எந்தக் கார்டில் ஓட வேண்டும் என்று செட்டிங்ஸில் தேடிப்போய்ப் பெரியதைக் காட்டிவிட்டான். கேம் திறந்தது. ஆனால் பற்றரியில் ஓடியதால் முக்கி முனகி, மவுஸ் அம்பு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகவே பத்து எண்ண வேண்டியிருந்தது. பட்டியல் வருவதற்குள் திரை உறைந்து, கேம் தானாக மூடிக்கொண்டது. இரண்டாம் தடவையும் அப்படியே.

சார்ஜர் வேண்டும்.

ஜன்னலால் எட்டிப் பார்த்தான். றப்பர் மரங்களின் கீழே வெளிச்சம் குறைந்துவிட்டிருந்தது. ஒரு இலை அசையவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். இடி இன்னும் தொடங்கவில்லை. ஐந்து நிமிஷ வேலை. அவர்கள் புதிதாக வாங்கி வைத்திருந்த சார்ஜரைச் சுவரில் செருகினான்.

லேப்டாப்பின் விசிறி ஒரே இழுப்பில் வேகம் பிடித்தது. கேம் பளிச்சென்று திறந்தது. அவன் பட்டியலுக்குப் போனான். கடைசி ஆட்டம், போன வருஷத்துச் சித்திரை, பிற்பகல் மூன்று பன்னிரண்டு.

அழி என்று கொடுத்தான். உறுதியா என்று கேட்டது.

தூரத்தில், மலைக்குப் பின்னால், வானம் ஒருமுறை உறுமியது.

"அர்ச்சுனா... அர்ச்சுனா..."

புஷ்பத்தின் குரல். இடி இடித்தால் அவள் சொல்வது அது. அவன் சட்டென்று கதவைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. அவர்கள் இந்நேரம் பஸாரில் இருப்பார்கள்.

குரல் மேசையிலிருந்து வந்திருந்தது.

ஹெட்செட்டிலிருந்து.

வயர் அறுந்த ஹெட்செட்.

விசிறியின் இரைச்சலுக்கு மேலாக, சின்னதாக, பக்கத்தில் யாரோ உட்கார்ந்து மெதுவாகப் பேசுவது போல இன்னொரு குரல் வந்தது.

"மச்சான், இங்க இடிக்குதுடா. கழட்டவா?"

பதிவுதான், தவறிப்போய் ஓடவிட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். திரையைப் பார்த்தான். எதுவும் ஓடவில்லை. உறுதியா என்ற கேள்வி மட்டும் நின்றது. இப்போது தன்னுடைய குரல் வரும், கழட்டாதடா என்று வரும் என்று காத்திருந்தான்.

வரவில்லை.

"கழட்டவா?"

கருகிய வாடை திடீரென்று கூடியது. முதுகுக்குப் பின்னால் ஆள் அளவுக்கு ஒரு சூடு நின்றது.

"சொல்லுடா மச்சான். கழட்டவா?"

பதில் கேட்கிறது. இந்த முறை அவனிடமே கேட்கிறது.

கிருஷ்ணராஜுக்கு அழுகை வந்துவிட்டது. பயம் பாதி, ஒரு வருஷம் அடைத்துக் கிடந்தது மீதி. "கழட்டுடா" என்றான். "கழட்டிரு. நான்தான்டா வேணாமுன்னேன். ஜெயிக்கணும்னு சொல்லிட்டேன். எல்லாருகிட்டயும் நீ மறந்துட்டேன்னு பொய் சொன்னேன். அம்மாகிட்டயும் சொன்னேன். என்னைய மன்னிச்சிருடா."

ஹெட்செட் எதுவும் பேசவில்லை. யாரோ மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் இருந்தது. அது விசிறியாகவும் இருக்கலாம்.

அவன் உறுதி என்பதை அமுக்கினான். பட்டியலில் அந்த வரி இல்லாமல் போனது. அதே கையோடு பாய்ந்து சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கி எறிந்தான். மறுநொடி வெள்ளை வெளிச்சம் ஜன்னலை அடித்தது, தகரம் அதிர்ந்தது, மழை கொட்டத் தொடங்கியது. பெரிய கார்டைச் செட்டிங்ஸில் முடக்கி, டிரைவரையும் கழற்றி, லேப்டாப்பை மூடினான்.

நனைந்துகொண்டு வந்து சேர்ந்த துஷ்யந்தியிடம், "சரிவரலக்கா. கார்டு எரிஞ்சிபோச்சு" என்றான். அவள் ஈரப் பையைக் கீழே வைக்காமலே, "சரி தம்பி, நீ பாத்த மட்டும் போதும்" என்றாள். அந்தக் குரலைக் கேட்க முடியாமல் மழையிலேயே இறங்கி நடந்தான். மன்னிப்புக் கேட்டாயிற்று, தடயமும் போயிற்று. அன்று அவன் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணியிருக்கும். கடையில் ஒரு போனைப் பிரித்து வைத்திருந்தவனுக்குத் துஷ்யந்தியின் அழைப்பு வந்தது.

"தம்பி, கார்டு வேலை செய்யுது."

அவன் கையிலிருந்த சின்ன ஸ்குரூ உருண்டு போனது.

"காலையில சும்மா தொறந்து பாத்தேன். கேம் வந்துருச்சு. லிஸ்ட்ல புதுசா ஒண்ணு இருக்கு." அவள் நிறுத்தினாள். "நேத்துத் தேதி போட்டுருக்கு. நீயும் அவனும் பேசுறீங்க."

அவன் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டான்.

"எல்லாம் கேட்டேன். நீ வேணாமுன்னது, பொய் சொன்னது, எல்லாம். அம்மாவும் கேட்டாங்க." துஷ்யந்தியின் குரல் உடைந்தது. "உன் மேல எனக்குக் கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா அது இப்ப வேணாம். நீ அழுது முடிச்சதுக்குப் பிறகு அவன் உன்கிட்ட ஒண்ணு கேக்குறான். அதுக்கு நீ ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. அதுக்குப் பிறகு அவன் பேசவே இல்ல."

"'இங்க தனியா ஆட முடியல, எப்ப வாற மச்சான்'னு கேக்குறான்." அவள் இப்போது அழுதுகொண்டிருந்தாள். "தம்பி, இன்னைக்கு ஒரு பொழுதும் மழையில வெளிய நிக்காத. கரண்ட் உள்ள எதையும் தொடாத. கையெடுத்துக் கும்புடுறேன், கடையை விட்டு எழும்பி பக்கத்துப் பள்ளிவாசலுக்காவது போயி இரு."

அவளுக்குப் பின்னால், அந்த அறையில், பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விசிறி இரைச்சல். மழை. பிறகு ஒரு குரல், தெளிவாக, ஆட்டத்துக்குக் கூப்பிட்ட சந்தோஷத்தோடு பேசியது.

"சரி மச்சான். நாளைக்கு வாறேன்."

அது கிருஷ்ணராஜின் குரல்.