கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே

"பிள்ளையைக் குடுங்க அண்ணி! குடுங்கன்னா குடுங்க!"

காலை ஏழு மணிக்கே குழந்தைகள் வார்டு அதிர்ந்தது. கத்தியவள் அந்த வார்டு நர்ஸம்மாவின் தம்பி மனைவி. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட, ஒன்றரைக் கிலோகூட இல்லாத பெண் குழந்தையை வெறும் மார்பில் அணைத்தபடி நாற்காலியில் சாய்ந்தவள் அசந்துபோயிருந்தாள். கண் விழித்தபோது மார்பு காலி. பிள்ளை நாத்தனார் கையில்! நாத்தனார் என்றாலே ஆகாது, இதில் நர்ஸ் வேறு.

நர்ஸம்மா குழந்தையின் முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டிருந்தாள். அது வீறிட்டு அழுத பிறகுதான் அவளுக்கே மூச்சு வந்தது.

பிளாஸ்க்கும் கையுமாகத் தம்பி உள்ளே நுழைந்தான்.

"பாருங்க உங்க அக்காவை! அசந்த நேரம் பாத்துப் பிடுங்கிட்டாங்க... வேலியே பயிரை மேயுது! நான் பிள்ளையை மார்ல போட்டதுலேர்ந்து அவங்க பார்வையே சரியில்ல. பொறாமை!"

"ஏன்க்கா இப்படிப் பண்றே?" என்றான் தம்பி. "உனக்குப் பிள்ளை தங்கலைன்னா... அதுக்கு அவ என்ன பண்ணுவா?"

தம்பி மனைவி சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பாள். தாய் இல்லாத வீட்டில் தூக்கி வளர்த்த தம்பி சொன்னதுதான் ஈட்டியாகக் குத்தியது.

"ஆமாடா... பொறாமைதான்!" என்றாள் நர்ஸம்மா. "பதினோரு வருஷம் முன்னாடி இதே வார்டுல என் பிள்ளை கண்ணாடிப் பெட்டியில கிடந்தான். தொடாதே, கிருமி ஒட்டிக்கும்னாங்க. நானும் நர்ஸாச்சே, சட்டம் தெரிஞ்சவளாச்சே! ஆறு நாள் கண்ணாடியில கைய வச்சுக்கிட்டே நின்னேன். ஏழாம் நாள்தான் கையில குடுத்தாங்க... துணியில சுத்தி! இப்போ இவ நெஞ்சுல அது தூங்கறதைப் பாத்தா எனக்கு எரியுதுடா. தினமும் எரியுது!"

தரை பெருக்கிக்கொண்டிருந்த வார்டு ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"எரிஞ்சும் ஓடி வந்தாங்களே, அதைக் கேளுங்க. நீ கண்ணு அசந்ததும் பிள்ளை கழுத்து மடங்கிடுச்சும்மா. உதடு நீலமாயிடுச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவங்க தூக்கிட்டாங்க. பிள்ளையை மார்ல போட்டு வளக்கற முறையை இங்க கொண்டுவரச் சொல்லி, பெரிய டாக்டர் ரூம் வாசல்ல ரெண்டு வருஷம் நின்னதே இவங்கதான். தெரியுமா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி குழந்தையின் உதட்டையே பார்த்தாள்.

நர்ஸம்மா பிள்ளையைத் திரும்ப அவள் மார்பில் கிடத்தித் துணியை இழுத்துக் கட்டினாள். "முகம் ஒரு பக்கமாத் திரும்பியிருக்கணும். மோவாய் லேசா நிமிந்து இருக்கணும். தூக்கம் வந்தா யாரையாவது கூப்பிடு... நான் இன்னிக்கே வேற வார்டு கேட்டுக்கறேன்."

திரும்பியவளின் கையை எட்டிப் பிடித்தாள் தம்பி மனைவி.

"போகாதீங்க அண்ணி! மாத்தி மாத்தி வச்சுக்கணும்னு நீங்க படிச்சுப் படிச்சு சொன்னீங்க. நான்தான் இவரைக்கூடக் கிட்ட விடல. நீங்க ஒரு தடவை வச்சுக்கிட்டா பிள்ளை உங்களோட ஒட்டிக்குமோன்னு... எனக்கும் பொறாமைதான் அண்ணி! இப்போ நீங்க வச்சுக்கோங்க."

"நான்... நான் டியூட்டியில இருக்கேன்."

"டியூட்டி ஏழு மணிக்கே முடிஞ்சாச்சு" என்றாள் ஆயா, திரைச்சீலையை இழுத்துவிட்டபடியே.

எத்தனையோ தாய்மாருக்குப் பொத்தான் கழற்றிவிட்ட விரல்கள் அன்று தன் பொத்தானில் தடுமாறின. பிள்ளை வந்து நெஞ்சில் ஒட்டியது. சூடாக, ஈரமாக, உயிரோடு. பதினோரு வருட அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கழுத்து... கழுத்து சரியா இருக்கா பாரும்மா!" வார்டுக்கே பாடம் சொன்னவள் பயந்து பயந்து கேட்டாள்.

"சரியா இருக்கு அண்ணி."

நர்ஸம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் சாய்ந்த அந்தத் தாய், பிள்ளை பிறந்த நான்கு நாளில் முதல் முறையாக நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.