சேமிக்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெபோரா சோற்றை இடது கையால் பிசைந்தாள். அந்த வீட்டில் இடது கைப் பழக்கம் அவள் அண்ணன் ஜோஸ்வினுக்குத்தான் இருந்தது. அவனை அடக்கம் பண்ணி ஒரு வருஷம் ஆகிறது.

"வலது கையால சாப்பிடும்மா" என்றான் ஸ்டெபின்.

ஆறு வயது மகள் நிமிர்ந்தாள். அப்பா யாரிடம் பேசுகிறார் என்று புரியாதவளைப் போலப் பார்த்தாள்.

சேலையூர் முழுக்க மழை. கேம்ப் ரோட்டில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பஸ் போகும் ஓசைக்கும், உள்ளே கொடியில் காயாமல் தொங்கும் துணிகளின் முடை நாற்றத்துக்கும் நடுவே, படுக்கையறையிலிருந்து அந்த ஹார்டு டிஸ்க் விடாமல் டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஜோஸ்வினின் போட்டோ, வீடியோ எல்லாமே அதில்தான். அது செத்துக்கொண்டிருந்தது.

ஸ்டெபினுக்கு சிறுசேரியில் சாப்ட்வேர் கம்பெனி வேலை. எந்த சாப்ட்வேரைப் போட்டு அதை மீட்பது என்று வாரக்கணக்கில் அலசியவன் அவன்தான். ரிப்பேர் செய்கிறேன் என்று வருபவை டிஸ்கின் மேலேயே எழுதி மிச்சத்தையும் கெடுத்துவிடும் என்று ஒதுக்கினான். படிக்க மட்டும் செய்கிற ஒன்று வெறும் ஃபைல் பெயர்களைத் தந்தது. இன்னொன்று பிள்ளையின் பாதி முகத்தைத் தந்தது. மீதி சாம்பல் நிறம். கடைசியில் கேம்ப் ரோட்டுக் கடைக்காரர் சிட்டிபாபு டிஸ்கைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் வந்துகினு கீது சார். இனிமே எந்த சாப்ட்வேரும் வேலைக்காவாது" என்றார்.

ஸ்டெபின் விட்டுவிட்டான். அவன் மனைவி ஜெரூஷா விடவில்லை. எங்கிருந்தோ வேறொரு சாப்ட்வேரை இறக்கி, முந்தாநாள் முதல் லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

முந்தாநாள் முதல்தான் டெபோரா தன் பொம்மையைத் தொடவில்லை. நேற்று ஜெபத்தில், தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள்.

கையைக் கழுவிவிட்டு அவன் படுக்கையறைக்குள் போனான்.

"ஏதாவது வந்துச்சா?"

"எல்லாம் வருதுங்க. முழுசா." ஜெரூஷா திரும்பவில்லை.

திரையில் படங்கள் இல்லை. வரி வரியாகப் பெயர்கள். சைக்கிளில் விழுந்தது. அம்மை போட்டது. இருட்டுக்குப் பயந்தது.

"இதெல்லாம் நாம எடுத்த வீடியோ இல்லையே."

"இல்ல. அவனோடது."

கீழே ஒரு கட்டம். சேமிக்கும் இடம்: டெபோரா. அதற்கும் கீழே, அங்கே ஏற்கெனவே இருப்பவை அழிக்கப்படும்.

அவன் கை கேபிளுக்குப் போனது.

"பிடுங்காதீங்க. பாதியில நிறுத்தினா ரெண்டும் கெட்டுப்போகும். நீங்கதான சொன்னீங்க."

"அவ நம்ம பொண்ணு, ஜெரூ."

"தெரியும்." குரல் மிருதுவாக இருந்தது. "ஆறு வயசுதானே. அழிக்கறதுக்குக் கொஞ்சந்தான் இருந்துச்சு."

கூடத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"அப்பா."

டெபோராவின் வாய். ஜோஸ்வினின் குரல்.

ஸ்டெபினின் விரல்கள் கேபிளின் மேலேயே இருந்தன. பிடுங்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றான்.

அதற்குள் திரையில் கடைசிப் பெயர் வந்தது. கோவளம். போன வருஷம் கடல் ஜோஸ்வினை இழுத்துக்கொண்ட இடம்.

ஜெரூஷா எழுந்துவிட்டாள். "இது வேணாம்" என்று விசைகளைத் தட்டினாள். "இது வேணாங்க. இதை நிறுத்துங்க."

கேபிளைப் பிடுங்கினான். அப்படியும் திரையின் அடியில் பச்சைக் கோடு நகர்ந்தது. முழுதாக நிறைந்தது.

கூடத்துக்கு ஓடினான்.

தரை காய்ந்திருந்தது. டெபோரா மல்லாந்து கிடந்தாள். வாய் திறந்து மூடியது. காற்று உள்ளே போகவில்லை. தலைமுடி தரையில் படாமல், மெல்ல அலைந்துகொண்டிருந்தது.

வாரி எடுத்து மார்போடு இறுக்கினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு மேலே, எட்டாத உயரத்தில் எதையோ பிடிக்கக் கையை நீட்டினாள்.

கை துவண்டது. அடங்கினாள்.

அவளுக்குள்ளே டிக் என்று ஒரு சத்தம்.

அவள் கண் திறந்தாள். மறுபடியும் மூழ்கத் தொடங்கினாள்.