வெர்லின் வீட்டில் வெடிக்காத துப்பாக்கி

உறையோடு துப்பாக்கியை வெர்லின் ஓட்டிஸின் மேசைமேல் வைத்தாள்.

“நேத்து சாயங்காலம் முகமூடி போட்ட ஒருத்தன் என் அடுப்படிக்குள்ள வந்துட்டான், ஓட்டிஸ். விசையை அழுத்துனேன். டிக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.”

ஓட்டிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அமெரிக்காவில் ஓக்லஹோமாவின் அந்த மூலையில் இருபது வருஷம் போலீஸ் அதிகாரியான ஷெரீஃபிடம் வேலை பார்த்தவர். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் துப்பாக்கி வகுப்பு நடத்துகிறார். கணவர் இறந்த பிறகு இருநூறு ஏக்கரில் தனியாக இருந்த வெர்லின், போன வசந்தத்தில் அங்கேதான் சுடப் பழகினாள்.

“அவன் பயந்தானா?”

“அதான் எனக்கும் புரியல. குழல் அவன் நெஞ்சுக்கு நேரா இருக்கு. கையக்கூடத் தூக்கல. நிதானமா கிட்ட வந்து, ‘பேசாம நிலத்த வித்துட்டு டவுனுக்குப் போயிடுங்க’ன்னுட்டு திரும்பிப் போயிட்டான்.”

ஓட்டிஸ் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பத்து. பித்தளை நிறம், சரியான எடை. ஆனால் அடியில் ஊசி குத்த வேண்டிய இடத்தில் ரப்பர் அடைத்திருந்தது.

“நம்ம வகுப்புல பழகக் குடுக்குற போலித் தோட்டா!” என்று துள்ளினாள் பெர்லா. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்று, ஓட்டிஸுக்கு உதவியாக இருப்பவள். “யாரோ மாத்தி வச்சிருக்காங்க.”

“யாரோ என்ன யாரோ! என் மருமக ஜோலின்தான். துப்பாக்கின்னாலே அவளுக்கு ஆகாது. கட்டில் பக்கத்துல துப்பாக்கி வைக்கிற பெட்டியோட பூட்டு எண்ணும் அவளுக்குத் தெரியும். நேத்து மத்தியானம் நான் தூங்குறப்ப சூப் கொண்டுவந்து வச்சுட்டுப் போயிருக்கா. காலையிலயே போன்ல நல்லா கேட்டுட்டேன்.”

“கடைசியா எப்ப தோட்டாவ உங்க கண்ணால பாத்தீங்க?”

“நேத்து காலையில, இடுப்புல மாட்டுறப்ப. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி.”

“மத்தியானம் பெட்டில வைக்கும்போது?”

வெர்லின் கண்ணைக் கசக்கினாள். “பாக்கல. கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டிருந்தார். எல்லாம் மங்கலா தெரிஞ்சுது. உறையோட அப்படியே வச்சுப் பூட்டிட்டேன். முழிச்சதும் அப்படியே எடுத்து இடுப்புல மாட்டிக்கிட்டேன்.”

ஓட்டிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். “உங்க வீட்டுக்குப் போவோம். ஜோலினையும் உங்க தம்பியையும் வரச் சொல்லுங்க.”

ஒரு மணி நேரத்தில் எல்லோரும் வெர்லினின் படுக்கையறையில் இருந்தார்கள். அழுது சிவந்த கண்களோடு ஜோலின் கதவோரம் நின்றாள். வெர்லினின் தம்பி ராய்ஸ் அக்காவின் தோளில் கை வைத்திருந்தான்.

வெர்லின் எண்ணைச் சொல்ல, பெர்லா பெட்டியின் பொத்தான்களை அழுத்தினாள். கீச்கீச்சென்று நாலு சத்தம். மூடி படாரென்று எழும்பியது.

“தலமாட்டுல ஒரு அடி தூரம்,” என்றார் ஓட்டிஸ். “இந்தச் சத்தத்துல நீங்க முழிச்சிருக்க மாட்டீங்களா, வெர்லின்?”

“ஃபிரிட்ஜ் உறுமினாலே முழிச்சுக்குவேன்.”

“அப்ப இங்க யாரும் மாத்தல. மாத்துன பிறகுதான் இது உள்ள வந்திருக்கு. நேத்து இடுப்ப விட்டு இது எங்க இறங்குச்சு?”

“கண் ஆஸ்பத்திரியில,” என்றாள் வெர்லின் மெதுவாக. “துப்பாக்கி கூடாதுன்னு வாசல்ல போர்டு இருக்கு. வண்டி சீட்டுக்கடியில இருக்குற இரும்புப் பெட்டில பூட்டிட்டுப் போனேன்.”

“அதோட சாவி?”

“வண்டிச் சாவியோடதான் தொங்கும்.” அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். “வண்டிய ஓட்டுனது நீ. திரும்பி வந்தப்ப ‘இந்தாக்கா’ன்னு எடுத்துக் குடுத்ததும் நீ.”

“அக்கா, இந்த ஆளு பேச்சக் கேட்டு...”

“வகுப்புக்கு அக்காவோட நீங்களும் வந்தீங்க ராய்ஸ்,” என்றாள் பெர்லா. “ஜோலின் அந்தக் கொட்டகைய எட்டிக்கூடப் பாத்ததில்ல.”

“இன்னிக்குக் காலையில மாட்டுறப்ப இவங்க தோட்டாவப் பாத்திருப்பாங்க,” என்றார் ஓட்டிஸ். “அதனால ஆள் நேத்தே வந்தாகணும். அது போலின்னு தெரிஞ்சதாலதான் அவன் குழலப் பாத்துப் பயப்படல. அக்காவுக்கும் உங்களுக்கும் கூட்டு நிலம் இல்லையா இது? அக்கா கையெழுத்து இல்லாம விக்க முடியாது. அப்படித்தானே?”

ராய்ஸின் கை அக்காவின் தோளிலிருந்து இறங்கியது. “உனக்கு ஒரு கீறல் விழ விட்டிருப்பேனா? சும்மா மிரட்டத்தான் அவன அனுப்புனேன். யாருக்கும் அடிபடக் கூடாதுன்னுதான் அதையே மாத்துனேன்!”

வெர்லின் அவனைப் பார்த்தாள். ஜுரம் வந்தால் இரவெல்லாம் மடியில் போட்டு வளர்த்த முகம்.

“அவனுக்கு அடிபடக் கூடாதுன்னு மாத்தியிருக்க,” என்றாள். “நெசமாவே வேற திருடன் எவனாச்சும் நேத்து வந்திருந்தா, எங்கிட்ட என்னடா இருந்திருக்கும்?”

அவள் போனை எடுத்து ஷெரீஃப் அலுவலகத்தை அழைத்தாள். பெயர் சொன்னாள், முகவரி சொன்னாள்.

“வீட்டுக்குள்ள வந்தது யாருன்னு தெரியுமா அம்மா?” என்று கேட்டது மறுமுனை.

“முகமூடி போட்டவன் யாருன்னு தெரியாது,” என்றாள் வெர்லின். “அனுப்புனவன் என் தம்பி.”