போன வழி

புது ஜன்னல் வைத்த அன்றிலிருந்து பின் அறைக்குள் வெளிச்சத்தோடு பால் வாசனையும் வந்தது. காய்ச்சிய பால் இல்லை. பிள்ளை பெற்றவளின் ரவிக்கையில் நனைந்து, காய்ந்து, புளித்துப்போகுமே, அந்த வாசனை. இந்த வீட்டில் கைக்குழந்தையே கிடையாது. இருக்கிற ஒரே பிள்ளை அனுஷாவுக்கு ஐந்து வயது ஆகிறது.

எலி கிலி செத்திருக்கும் என்று சௌம்யா பினாயிலை ஊற்றி ஊற்றிக் கழுவினாள். நாளைக்கு வீடு பார்க்க ஆள் வருகிறது. ஆனேக்கல்லில் முற்றமும் கிணறும் தோட்டமுமாக இவ்வளவு விஸ்தாரமான வீடு, சனியன், விலை போகவே மாட்டேன் என்கிறது. வந்தவர்களெல்லாம் பின் அறையை எட்டிப் பார்த்து, "தும்பா கத்தலு" என்று இருட்டைக் காரணம் காட்டி நழுவினார்கள். இதை விற்றால்தான் தொம்மலூரில் குடியேறி, குழந்தையை நல்ல ஸ்கூலில் சேர்க்க முடியும். அதனால்தான், புருஷன் கவியரசன் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலையே கதி என்று கிடந்த வாரத்தில், அவனுக்குச் சொல்லாமலே கொத்தனாரைக் கூப்பிட்டாள். வந்து பார்த்து அசந்துபோகட்டுமே!

"இந்த இடத்துல மட்டும் கல்லு வேற, பூச்சு வேற மேடம். யாரோ முன்னாடியே உடைச்சு அடைச்சிருக்காங்க," என்றார் கொத்தனார் சில்வெஸ்டர்.

"பழைய ஜன்னலா இருக்கும். நீங்க உடைங்க."

கம்பி இன்னும் வரவில்லை. வெறும் சட்டத்தில் ஒரு சாக்கு தொங்கியது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போயிற்று. கூடத்தில் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தபோது பின் அறையில் அனுஷாவின் பேச்சு கேட்டது. வாயாடி, பொம்மையோடு ஓயாமல் பேசுவாள். ஆனால் இன்று நடுநடுவே நிறுத்தி, யாரோ கதை சொல்வதுபோல் 'ம்' கொட்டினாள்.

"யாருகூடடீ பேசறே?"

"அம்மாகூட."

"அம்மா இங்க இருக்கேன் கண்ணு."

சிரிப்பு கேட்டது. ஒரு சிரிப்பா, இரண்டா, சொல்ல முடியவில்லை.

அனுஷாவைப் பெற்றவள் ருக்கு, கவியரசனின் மூத்த தாரம், குழந்தை பால் மறக்குமுன்னே போய்ச் சேர்ந்தவள். அந்தப் பெயரையே யாரும் அனுஷாவிடம் சொன்னதில்லை. சௌம்யாதான் அவளுக்கு அம்மா.

வாசலில் கவியரசன் செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினான். முகம் வெளுத்தது.

"என்ன வாசனை இது?"

"பின் ரூம்ல ஜன்னல் வச்சேங்க..."

"எந்தச் சுவத்துல?"

"தோட்டத்துப் பக்கம்."

கையிலிருந்த பை விழுந்தது. "ஐயோ சௌமி! ருக்கு ஆகாத நட்சத்திரத்துல போனா. வாசல் வழியா எடுத்தா திரும்பி வருவான்னு, அந்தச் சுவத்தை உடைச்சுதான் தூக்கிட்டுப் போனோம். போன வழியைப் பூசி அடைச்சோம். புள்ளையைத் தேடிட்டு வந்துடக் கூடாதுன்னு..."

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு சௌம்யா ஓடினாள்.

சாக்கு தரையில் கிடந்தது. பொம்மையும் கிடந்தது. குழந்தை இல்லை.

ஜன்னலும் இல்லை.

சுவர். முழுச் சுவர். விரலால் வழித்து வழித்துப் பூசிய ஈரப் பூச்சு. குப்பென்று பால் வாசனை.

"அனும்மா!" சௌம்யா நகத்தால் பிறாண்டினாள். மெழுகுவர்த்தியைத் தாழ்த்தினாள்.

முழங்கால் உயரத்தில், பூச்சுக்கு வெளியே துளி மஞ்சள் துணி. சாயங்காலம் அவளே போட்டுவிட்ட கவுனின் ஓரம்.

பிடிக்கக் கை நீட்டினாள். துணி மெல்ல மெல்லச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது.