வயர் செருகாத நாலாவது துளை

மண்டபத்து வாசலில் வேனை நிறுத்தியபோது காலை பத்து மணி இருக்கும். முந்தின நாள் மழையில் படிகள் இன்னும் காயவில்லை. கதவில் என் தம்பி ஆசெனின் படம் போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. சுற்றிலும் கறுப்புக் கோடு, கீழே ‘நம்மை விட்டுப் பிரிந்து இரண்டு ஆண்டுகள்’. ஒட்டியவன் நான்தான். அவன் மனைவி ராலிட்சா அதைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

காவலாளி குன்சோ சாவிக்கொத்தோடு நின்றார்.

“என்ன பென்கோ, பெட்டிய நீ தூக்குறியா, பெட்டி உன்னைத் தூக்குதா?”

“ஒரு கை குடுத்துட்டுப் பேசுய்யா.”

“எனக்கு இடுப்புல வலி. வாய்ல இல்ல.” சிரித்துவிட்டு என் பக்கம் குனிந்தார். “அந்தப் பொண்ண எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தே? கச்சேரிக்குச் சத்தம் பாக்க வேற ஆளே கிடைக்கலியா?”

வராதே என்று மூன்று நாள் கெஞ்சிப் பார்த்தாயிற்று. அவள் கேட்கவில்லை. அதனால் நானும் கூட வந்தேன். சாயங்காலம் அவளை முழுசாக வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். எனக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் கவலை.

ஆசென் இந்த மேடையில்தான் விழுந்தான். மேடையின் பின்பக்கம் ஏணியில் நின்று ஒலிபெருக்கிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். “கொஞ்சம் பொறு ராலி” என்றான். நேரமாகிறது என்று அவள் பொறுக்கவில்லை, சத்தத்தைத் திறந்துவிட்டாள். அதிர்ந்து அவன் கை நழுவியது. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மண்டபத்து ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். வெளியே நல்ல வெயில் வந்த பிறகும் உள்ளே கண் தெரியவில்லை. பழைய திரைச்சீலையின் பூஞ்சை வாடையும் எலிப் புழுக்கை வாடையும் தொண்டையில் ஒட்டின. பெட்டிகளை ஏற்றி வைத்தேன். அடியில் கனத்த ஒலிக்குப் பேஸ், நடுவில் நடு ஒலிக்கு மிட், மேலே கீச்சொலிக்கு ஹார்ன். வருகிற பாட்டைப் பிரித்து இந்த மூன்றுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது கிராஸ்ஓவர் என்கிற சின்னப் பெட்டி. மூன்றும் ஒரே நேரத்தில் காதுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் பாடுகிறவள் குரல் கிழிந்து கேட்கும். அதற்காக மண்டபத்தின் நடுவில் ஒரு மைக்கை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ‘டக்’ என்று ஒரு ஒலியை விட்டு, எது எவ்வளவு பிந்தி வருகிறது என்று ராலி திரையில் பார்ப்பாள்.

பிந்தி வருவதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. முந்தி வருவதைக் காக்க வைக்கலாம். எங்கள் தொழிலில் அதற்கு வேறு வழியே கிடையாது.

“பேஸ் முப்பத்தெட்டு,” என்றாள். “மிட்டும் ஹார்னும் முப்பத்தஞ்சு.”

ஒரு விநாடியை ஆயிரம் துண்டாக நறுக்கினால் வருகிற கணக்கு அது. ஒரு துண்டுக்குச் சத்தம் முக்கால் முழம் நடக்கும். மிட்டையும் ஹார்னையும் மூன்று துண்டு காக்க வைத்தாள். மறுபடி சரிபார்க்க மூன்றின் சத்தத்தையும் மூடினாள். அப்போது அவள் விரல் நாலாவது பொத்தானில் பட்டுவிட்டது. கிராஸ்ஓவரில் நாலு துளை உண்டு. நாங்கள் மூன்றில்தான் வயர் செருகுவோம்.

டக்.

திரையில் அறுபத்திரண்டு என்று வந்தது.

“அண்ணே, அதுல வயர் இருக்கா பாருங்க.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். துளை காலியாக இருந்தது. “ஒண்ணும் இல்ல புள்ள.”

“இருபத்தோரு மீட்டர்,” என்றாள் மெதுவாக.

மைக்கிலிருந்து இருபத்தோரு மீட்டரில் அந்த ஏணியின் அடிப்பாகம் இருக்கிறது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“மூடிடு ராலி. போயிடலாம்.”

முகவாயைத் தூக்கி மாட்டேன் என்றாள். “அவர்தாண்ணே. பிந்தி வர்றார். நாமதான் காத்திருக்கணும்.”

மூன்றையும் அறுபத்திரண்டுக்குத் தள்ளினாள். டக். மூன்றும் ஒன்றாக வந்தன. நாலாவது இப்போது தொண்ணூறில் வந்தது.

மறுபடி தள்ளினாள். நூற்று நாற்பது.

மறுபடியும் தள்ளினாள். முந்நூறு.

முந்நூறு என்றால் நூறு மீட்டர். மண்டபம் அவ்வளவு நீளமில்லை. பின்சுவரைத் தாண்டி, பிளம் தோப்பைத் தாண்டி, கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடும்.

“பின்னாடி போறார்ண்ணே.”

“போகட்டும். விடும்மா.”

“அன்னைக்கு நான் பொறுக்கல. இன்னிக்குப் பொறுக்குறேன்.”

ஆசென் வேலையில் போடுகிற தோல் கையுறை ஈரமானால் வருகிற வாடை எங்கிருந்தோ அடித்தது. அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். அறுநூற்றைம்பதுக்கு மேல் அந்தப் பெட்டியில் எண் ஏறாது.

ஏறியது.

ராலி என் பக்கம் திரும்பினாள். உதடு அசைந்தது. சத்தமே இல்லை.

உதடு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவள் குரல் வந்தது. “பக்கத்துல வந்துட்டார்ண்ணே.”

ஓடிப்போய் மெயின் பிளக்கைப் பிடுங்கினேன். விளக்கு, திரை எல்லாம் செத்தன. கரண்ட் இல்லாத அந்த இருட்டில், மிகவும் கிட்டத்தில் இன்னொரு தடவை கேட்டது.

டக்.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். படியில் உட்கார வைத்தபோது வாய் திறந்து என்னவோ கேட்டாள், சத்தம் வரவில்லை. தண்ணீர் எடுக்க நான் வேன் வரை போன பிறகுதான், “தண்ணி” என்று படியில் சத்தம் கேட்டது.

பிலோவ்திவ் நகரத்து டாக்டர் தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்தார். “தொண்டை சுத்தமா இருக்கு. மனசுதான் சரியில்ல,” என்றார். அவர் சொன்னதற்குப் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அவள் சொன்ன பதில், ஊர் நெருங்குகிற நேரம் அதே இருக்கையில் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்கள்.

பிறகு காலையில் பேசினால் மாலையில் வந்தது. பிறகு மறுநாள். பிறகு எத்தனை நாள் என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை. எழுதிக் காட்டு என்று பேனா கொடுத்தேன். விரல் நடுக்கத்தில் பேனா நிற்கவில்லை. கடைசிப் பத்து நாள் அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து ஓயாமல் உதட்டை அசைத்தாள். கண் எனக்குப் பின்னால் கதவிலேயே இருந்தது. பாவம், பேசட்டும், மனசு ஆறும் என்று நானும் கேட்கிறவன்போல் சிரித்துத் தலையாட்டிக்கொண்டு சூப்பை ஊட்டினேன்.

ஏப்ரலில் ஒரு காலை அவள் எழவில்லை. ஆசெனுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

நாற்பதாம் நாள் வழக்கப்படி வேகவைத்த கோதுமையைக் கல்லறையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மதியம். அடுக்களை நாற்காலியிலிருந்து அவள் குரல் கேட்டது.

“பென்கோ அண்ணே. அது அவர் இல்லண்ணே.”

நாற்காலிப் பக்கம் திரும்பினேன். யாரும் இல்லை.

“கதவைச் சாத்துங்க. ஏன் சிரிக்கிறீங்க? உள்ள வந்துடுச்சு. என் கையைப் பிடிச்சுக்குங்கண்ணே. விட்டுடாதீங்க. ஏன் தலையாட்டுறீங்க?”

அந்தக் கடைசிப் பத்து நாளும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். பத்து நாளும் தினம் மதியம் அதைக் கேட்டேன். கதவைச் சாத்தினேன். நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, இல்லாத கையைத் தேடித் தேடிப் பிடித்தேன். “பிடிச்சிருக்கேன் புள்ள, விடல, விடமாட்டேன்” என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் பதில் அவளுக்கு எப்போது போய்ச் சேரும் என்று தெரியவில்லை. நேற்றோடு அவள் குரல் நின்றுவிட்டது.

இன்று காலை ரொட்டிக் கடைக்குப் போய் ஒரு ரொட்டி கேட்டேன். கடைக்காரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“காதுல விழல. சத்தமாச் சொல்லுங்க,” என்றாள்.

கையைக் காட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனை திரும்பும்போது, பின்னால் அந்தக் கடைக்குள் என் குரல் ரொட்டி கேட்டது.