எலி மேடத்துக்குக் கோபம்

"யோவ்! யாருய்யா நீ? கையை எடு!"

அவள் போட்ட சத்தத்தில் அந்த அறையில் இருந்த அத்தனை எலிகளும் மரத்தூளுக்குள் பாய்ந்து ஒளிந்துகொண்டன. ஒளிய இடமில்லாமல் நின்றது, கையில் ஈரத்துணி வைத்திருந்த ஏசி மெக்கானிக் மட்டும்தான்.

மரத்தூள் மூட்டை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் இப்படி ஒரு காரியமா! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"மேடம், ஏசியிலேர்ந்து தண்ணி சொட்டி இந்தக் கூண்டே நனைஞ்சு போச்சு. குட்டிங்க நாலும் வெடவெடன்னு நடுங்குச்சு. பெரிசு கைக்குச் சிக்கல. அதான் குட்டிங்களை மட்டும் தூக்கிக் காய்ஞ்ச கூண்டா பார்த்து விட்டேன்..."

"எந்தக் கூண்டுல?"

காட்டினான்.

"ஐயோ... அது ரவுடி கூண்டு!"

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வேலை, அப்பாக்களைக் கவனிப்பது. எலி அப்பாக்களை. முதுகில் கோடு போட்ட அந்த வகை எலியில் ஆணும் குட்டியை நக்கும், அணைத்துச் சூடு கொடுக்கும். ஆனால் எல்லா ஆணும் அப்படி இல்லை. சிலது திரும்பியும் பார்க்காது, சிலது கடித்தே கொன்றுவிடும். மூளையில் எந்தச் சுரப்பு கூடினால் ஒன்று அப்பாவாகிறது, எது கூடினால் இன்னொன்று அரக்கனாகிறது... தாய் எலியைச் சற்று நேரம் வெளியே எடுத்துவிட்டு, உட்கார்ந்து பார்ப்பாள். ரவுடி ஜோடி சேராத தனிக்கட்டை. மற்ற ஆண்களோடு கூட்டமாகக் கிடந்த காலத்தில், சோதனைக்குக் காட்டிய குட்டியைப் பாய்ந்து கடித்த புண்ணியவான். இவன் சகவாசமே வேண்டாம் என்று சில மாதங்களாகத் தனிக் கூண்டில் வைத்திருந்தாள்.

"எடுங்க மேடம், சீக்கிரம்!"

"இப்ப கையை விட்டா மிரண்டு கடிச்சிடும். அசையாதீங்க. மூச்சுகூட விடாதீங்க!"

இருவரும் அந்தக் கண்ணாடிக் கூண்டின் இரண்டு பக்கமும் மண்டியிட்டார்கள். வெளியே மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கண்கள்... இமை முடியெல்லாம் ஏசித் தூசி. பயந்துபோன, பெரிய, ஈரமான கண்கள். கொலை நடக்கப்போகிற இடத்தில் இதெல்லாம் தன் கண்ணில் படுகிறதே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

ரவுடி எழுந்தது. மோப்பம் பிடித்தது. ஒரு குட்டியை வாயில் கவ்வியது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"மேடம்... கண்ணைத் திறங்க. இங்க பாருங்க."

ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் மூலையில் சேர்த்து, முட்டை மேல் கோழி மாதிரி அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தது ரவுடி.

"இவனையா ரவுடிங்கறீங்க?"

"தனியா இருந்ததுல மூளையில என்னமோ மாறியிருக்கு..." அவள் தனக்குள் முணுமுணுத்தாள்.

"தனியா இருந்தா யாருக்கும் மாறும் மேடம்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளை என்னவோ செய்தது. அதனால்தான் அவ்வளவு கடுமையாகத் திட்டி வெளியே அனுப்பினாள்.

ஆனால் ஏசிக்குப் புது மோட்டார் வர வேண்டியிருந்தது. மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்.

"வணக்கம் எலி மேடம். இன்னிக்கு எதையும் தொட மாட்டேன், சத்தியமா."

"ஏணியை மட்டும் தொடுங்க. வாயையும் மூடிக்கோங்க."

"வாயை மூடினா எப்படி மேடம் திட்டுக்குப் பதில் சொல்றது?"

"பதில் யார் கேட்டா?"

இப்படியே போயிற்று. வீட்டுக்குப் போனால் மட்டும் வேறு பேச்சு. தட்டை அவள் கொஞ்சம் வேகமாக வைத்தாலும் அம்மா ஆரம்பித்துவிடுவாள். "அப்படியே உங்கப்பன் ரத்தம்." அப்பா, இவள் தொட்டிலில் கிடந்தபோதே செருப்பை மாட்டிக்கொண்டு போனவர். அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தாள். அப்பாவிடம் இல்லாமல் போன ஏதோ ஒன்று தன்னிடமும் இல்லையென்றால்? தானும் ஒருநாள் ஒரு குழந்தையை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டால்? எலி மூளையில் அவள் தேடிக்கொண்டிருந்தது இதற்கான பதிலைத்தான். வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மோட்டார் வந்தது. மாட்டி முடித்த அவசரத்தில் அவன் பையை இழுக்க, ஸ்குருடிரைவரோடு ஒரு பால் புட்டியும் தரையில் உருண்டது. அப்போதுதான் பார்த்தாள்... அவன் சட்டைத் தோளில் குழந்தை கக்கிய பால் கறை.

ஓகோ.

"வீட்ல பொண்டாட்டி, பிள்ளையெல்லாம் வச்சுக்கிட்டுத்தான் இங்க வந்து பல்லைக் காட்டறீங்களா?" குரல் நடுங்கியது. ஏன் நடுங்க வேண்டும்? அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. "வெக்கமா இல்ல?"

அவன் முகம் மாறியது. முதல்முறையாக அவனுக்கும் கோபம் வந்தது.

"பொண்டாட்டி இல்ல. அது எங்க அக்கா பொண்ணு. பெத்துப் போட்டுட்டு அக்கா கண்ணை மூடிடுச்சு. அத்தான் பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காம போயிட்டாரு. நான்தான் வளர்க்கிறேன். பார்க்க வந்த ரெண்டு பொண்ணு வீட்டுக்காரங்களும் குழந்தையை ஆசிரமத்துல விட்டுட்டு வாங்கன்னாங்க. வாசலைக் காட்டிட்டேன். போதுமா?"

இந்த இடத்தில் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் "மன்னிச்சிடுங்க" என்றிருப்பாள். கண்கலங்கியிருப்பாள். நம்மவளோ நெஞ்சு நிறைந்துபோய், எதைச் சொல்வது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் பேசிவிட்டாள்.

"பெறாத பிள்ளையையா வளர்க்கறீங்க! உங்களுக்குத் தெரியுமா... குழந்தையைத் தூக்கி வளர்க்கிற ஆம்பளைங்களுக்கு உடம்புல ஒரு சுரப்பு குறையும். உங்களுக்கும் குறைஞ்சிருக்கா பார்க்கணும். இருங்க, இந்தக் குப்பியில கொஞ்சம் எச்சில் துப்பிக் குடுங்க!"

அவன் குனிந்து புட்டியை எடுத்தான்.

"நான் என்ன உங்க கூண்டு எலியா?" என்றான் மெல்ல. "எங்க அக்கா செத்தது உங்களுக்குச் சோதனையாப் போச்சா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் ஏசி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வந்தது, மீசை வைத்த யாரோ ஒரு பெரியவர்.

ஒரு வாரம் அவள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். கடைசியில் ஏசி கம்பெனிக்குப் போன் போட்டு அவள் கத்திய கத்தலில், விட்டால் போதுமென்று அவன் விலாசத்தைக் கொடுத்துவிட்டார்கள். மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

அவன்தான் திறந்தான். இடுப்பில் ஒரு குண்டுக் குழந்தை. ஊரைக் கூட்டுகிற அழுகை. உள்ளே அடுப்பில் ஏதோ பொங்குகிற வாசனை.

"என்ன, ரத்தம் வேணுமா இப்போ?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்! கேக்க விடுங்களேன்!"

"மன்னிப்பா... பரிதாபமா?"

"கோபம்! கோபத்துல வந்திருக்கேன்! ஒரு வாரமா ஒரு வேலை ஓடல. நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. நான் பேசினது தப்பு, அதுக்குத் திருப்பித் திட்டியிருக்கலாம்ல? போயிட்டா என்ன அர்த்தம்?"

"பால் பொங்குது! இவளைப் பிடிங்க."

மறுப்பதற்குள் குழந்தை அவள் கையில். கனமாக, சூடாக, கோபமாக... முகம் சிவந்து அவள் காதோரம் கத்தியது.

"வாங்கிக்கோங்க... சீக்கிரம் வாங்கிக்கோங்க. எனக்கு இதெல்லாம் வராது."

"ஏன் வராது?"

"எங்கப்பா என்னை விட்டுட்டுப் போனவரு. அந்த ரத்தம்தான் எனக்கும். அம்மா தினமும் சொல்வாங்க." யாரிடமும் சொல்லாததை, யாரோ ஒருவன் வீட்டு வாசலில், தலையில் மழை சொட்ட நின்று சொல்லிவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. "அந்தப் பாசம் என்கிட்ட இல்லைன்னா என்ன பண்றது?"

அவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான். குழந்தையை வாங்கவில்லை. அவள் கையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி, குழந்தையின் தலைக்குக் கீழே வைத்தான்.

"எனக்கும் இல்லைங்க. மொத மாசம் இவ மேல எனக்குக் கோபம்தான். இவளாலதான் அக்கா போச்சுன்னு... மூஞ்சியைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வரும். ஆனா பால் குடுக்கணும், குளிப்பாட்டணும், தூக்கித்தானே ஆகணும்? தூக்கினேன். தூக்கத் தூக்கத்தான் பாசம் வந்துச்சு. என்னிக்கு வந்துச்சுன்னு எனக்கே தெரியாது."

எலிகளிடம் அவள் பார்க்காத விஷயமா இது? குட்டியோடு இருக்க இருக்க ஆண் எலியின் உடம்பே மாறுவதை எத்தனை முறை எழுதி வைத்திருக்கிறாள். தன் விஷயம் என்று வந்தபோது மட்டும், பாசம் முன்கூட்டியே ரத்தத்தில் இருந்தாக வேண்டும் என்று அம்மா சொன்னதை நம்பிக்கொண்டிருந்தாளே! இத்தனை வருஷமா... அடக் கடவுளே. கோபமாக வந்தது. ஆனால் இந்தக் கோபத்தில் பயம் இல்லை.

குழந்தை அழுது களைத்து, அவள் ஈரத் தோளில் முகத்தைப் புதைத்து விக்கியது.

"நான் தினமும் வந்து தூக்கட்டுமா?"

"இவளையா?"

"பின்ன உங்களையா?"

"இல்ல... வந்து பழகிட்டு அப்புறம் வராம போயிட்டா இவ தாங்க மாட்டா." குரல் இறங்கியது. "நானும்தான்."

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள். சண்டைக்கு இழுக்கிற மாதிரிதான் சொன்னாள். வேறு மாதிரி சொல்ல வரவில்லை. "அந்த எலிக் குட்டிங்க நடுங்குதுன்னு நீங்க பதறினீங்களே, அப்பவே பிடிச்சுது. அதான் அவ்வளவு திட்டினேன். எங்கப்பா ஒரு வார்த்தை சண்டை போடாம போனவராம். ஒரு சத்தம்கூடப் போடலையாம். நான் அப்படி இல்ல. எனக்குக் கோபம் வந்தா எங்கேயும் போக மாட்டேன். இங்கேயே நின்னு கத்துவேன். ஆயுசு முழுக்கக் கத்துவேன். சம்மதமா?"

அவன் அவளையே பார்த்தான். அந்தப் பெரிய கண்கள் நிரம்பி வழிந்தன. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"சம்மதம்... உள்ள வந்து கத்துங்க."